நாலரைக்கு மேல் அனுப்பலாம்

கரண்ட் போய் மின்விசிறி நின்ற பிறகும் அதன் இரைச்சல் நிற்கவில்லை. சூரியப் புயல்களைக் கணித்து எச்சரிக்கும் கம்பெனி; சேலையூரில் மூன்றாவது மாடி ஆபீஸ், செவ்வாய்க்கிழமை மதியம். இன்வெர்ட்டர் தயவில் கணினிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அனுப்பிரியா அண்ணாந்து பார்த்தாள். இறக்கைகள் அசையவில்லை. இரைச்சல் மட்டும் கூரைக்கு மேலே எங்கிருந்தோ மெல்ல இறங்கி வந்தது. கூடவே பூச்சிமருந்து வாடை. தயாளன் சட்டையைத் துவைக்கும்போது கையில் ஒட்டிக்கொள்ளுமே, அதே வாடை.

அவள் கணவன் தயாளன் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப்பக்கம் வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுகிறவன். காலையிலேயே அவனிடம் சொல்லியிருந்தாள்.

"இன்னிக்கு மத்தியானம் சூரியப் புயல் வருது. ஜிபிஎஸ் தாறுமாறாயிடும். ட்ரோனை ஏத்தாதே."

"வாய்ப்பேச்சுக்கெல்லாம் என் ஓனர் வேலைய நிறுத்தமாட்டான். உங்க ஆபீஸ் எச்சரிக்கை ட்ரோன் ஓட்டற டேப்ல வரட்டும். பாத்துட்டேன்னு கட்டைவிரல வச்சுட்டு ஒடனே எறக்கிட்றேன், போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை சூரியனில் வெடித்துக் கிளம்பிய புயல் புதன் விடியற்காலைதான் பூமிக்கு வந்து சேரும் என்று எல்லோரும் கணித்தார்கள். அவள் ஒருத்திதான் செவ்வாய் மூன்று ஐம்பது என்றாள். இப்போது மூன்று ஐந்துக்கு, வழியில் காவல் நிற்கும் செயற்கைக்கோளே அவள் சொன்னது சரி என்று காட்டிவிட்டது. எச்சரிக்கை தயார். முதலாளி பத்ரிநாராயணன் தன் ஃபோனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும்.

"ராகு காலம்மா," என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "நம்ம கம்பெனியோட முதல் எச்சரிக்கை. நாலரைக்கு மேல் அனுப்பலாம்."

"சார், மூணு அம்பதுக்கு வந்துடும்! என் வீட்டுக்காரர் ட்ரோனுக்குக் கீழ நிக்கிறார்."

"ஃபோன் பண்ணிச் சொல்லேன்."

"ஃபோனை வண்டியில வச்சுட்டுத்தான் வயல்ல இறங்குவாங்க. பத்து தடவை அடிச்சாச்சு."

"மத்தவங்க எல்லாரும் நாளைக்குன்னுதானே சொல்றாங்க? பதறாதே."

பதறாதேயாம்! பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி வருவதை நிமிடக் கணக்கில் பிடித்திருக்கிறாள். இந்த மனுஷன் பஞ்சாங்கத்தைக் காட்டி அதை வாசலில் நிற்கச் சொல்கிறார். அவள் ஃபோனைப் பறிக்கப் போனாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக் கையால் பொத்திக்கொண்டார். கன்னத்தில் ஒன்று விடலாமா என்றிருந்தது.

மூன்று நாற்பது. இரைச்சல் கூரைக்குள் வந்துவிட்டது.

"சார், கேக்கலையா?"

"என்னது?"

மூன்று ஐம்பது. திரையில் கோடு செங்குத்தாக எகிறியது. இரைச்சல் தடுமாறியது. ஒருபக்கம் சாய்ந்தது. அவள் தலைக்கு நேரே. பொத்தென்று ஒரு சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

ஃபோன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

நான்கு முப்பத்தொன்று. பத்ரிநாராயணன் ஃபோனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். அடுத்த நொடியே பதில் வந்தது. 'கைரேகை பதிவானது: தயாளன்.'

"பாத்தியா? உன் வீட்டுக்காரர் ஜம்முனு இருக்கார்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாடா. அதே நேரம் அவள் ஃபோன் அடித்தது. தயாளனோடு வேலை செய்யும் நிகில்.

"அக்கா... ட்ரோன் அண்ணன் மேலயே வுழுந்துடுச்சு... அப்பவே, மூணு அம்பதுக்கே உசுரு பூடுச்சுக்கா. டேப் இன்னும் அண்ணன் கையிலதான் கீது. வெரல பிரிக்க முடியல."

பத்ரிநாராயணனின் ஃபோன் ஒலித்தது. 'கைரேகை பதிவானது: தயாளன்.' மறுபடி. மறுபடி. திரையின் உள்பக்கம் ஈரமாக, கருஞ்சிவப்பாக ஒரு ரேகை. கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. பக்கத்தில் இன்னொன்று.

"என்னம்மா இது? அனு... என்னம்மா இது?"

பூச்சிமருந்து வாடை. இரைச்சல் இப்போது அவருடைய நாற்காலிக்குப் பின்னால். அவள் அசையவில்லை.

"ராகு காலம்தான் முடிஞ்சுதே சார்," என்றாள். "நல்லா பாருங்க."

அவர் நிமிர்ந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் உள்பக்கம், கண்ணுக்கு ஒன்றாக, இரண்டு கட்டைவிரல் ரேகைகள் ஈரமாகப் பதிந்து, மெல்ல அழுத்தத் தொடங்கின.