ஒரு சாண் உயரம்

மாட்டியிருந்த படம் இறங்கியிருந்தது. அறுந்து விழவில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மட்டம் பார்த்து மாட்டியதுபோல நேராக, வேறொரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எப்சிபாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. லைட்ஹவுஸ் குப்பத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் மறுநாள் காலை கண்காட்சி. ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் குந்தி, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கும் பெண்களைக் கரியால் வரைந்த படங்கள். சென்னையிலேயே வைக்கலாம் என்ற ஓவியக் கல்லூரியோடு மல்லுக்கட்டி, வரையப்பட்டவர்களே வந்து பார்க்கட்டும் என்று இங்கே கொண்டுவந்தவள் அவள்தான். சொதப்பினால் உன் தலையில்தான் விடியும் என்று மேடம் சொல்லிவிட்டார். கூட வேலை செய்யவேண்டிய ஆர்த்தி, காய்ச்சல் என்று வரவேயில்லை. விளக்கு வாங்க மீஞ்சூர் போன பிரகாஷ் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை.

அவனைப் போனில் பிடித்தாள்.

"இன்னாடா, வெளாட்றியா? படத்த ஏன் கீழ எறக்கி மாட்டுன?"

"நானா? நீ மாட்டுனத நா எதுக்குத் தொட்றேன்? இங்க கடைக்காரன் வேற பேஜார் பண்றான்."

"பின்ன செவுரே எறக்கிக்கிச்சா?"

"சத்தியமா நா இல்ல, எப்சி."

பட்டென்று போனை வைத்தாள். படத்தைப் பழைய இடத்துக்கே ஏற்றி மாட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள். படியருகே காசியம்மாள் காயவைத்த கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். கட்டடத்துச் சாவி அவளிடம்தான்.

"உள்ள யாருனா வந்தாங்களாக்கா?"

"இங்கியேதாம்மா குந்தினு கீறேன். யாரும் போவல."

எப்சிபா திரும்பி உள்ளே வந்தாள்.

எல்லாப் படங்களும் இறங்கியிருந்தன.

சுத்தியல் சத்தம் கேட்கவில்லை, காலடி கேட்கவில்லை, கடல் மட்டும் தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, அடைத்த சன்னல்களின் இடுக்கு வழியே வந்த மங்கல் வெளிச்சத்தில் நாலு சுவர்களிலும் படங்கள் தரையை ஒட்டி வரிசையாகத் தொங்கின. அதுவரை சுண்ணாம்பு மணம் மட்டுமே இருந்த கூடத்தில், ஏரி வற்றும்போது கரையில் எழும்பும் சேற்று நாற்றம் கெட்டியாக நின்றது. பயத்தைவிட அவளுக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. நாள் முழுக்க ஒற்றை ஆளாய் ஏணியில் ஏறி இறங்கியதெல்லாம் வீண்.

"எவன்டா அது? தைரியம் இருந்தா முன்னாடி வாடா!" என்று கத்தினாள்.

அவள் குரலே சுவரில் மோதித் திரும்பியது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல் படத்தைக் கழற்றப் போனாள். வரவில்லை. பின்னால் எங்கோ சிக்கியிருந்தது. என்னவென்று பார்க்கக் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமென்ட்டில் வைத்தாள். தரை காய்ந்து, சில்லென்று இருந்தது.

அங்கிருந்து படம் வேறு மாதிரி தெரிந்தது.

தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரிய, அந்தப் பெண் நேருக்கு நேராக அவள் கண்ணைப் பார்த்தாள். ஏரியின் மட்டமும் பார்வையின் மட்டமும் ஒன்றாகிவிட்டிருந்தன. தான் மாட்டிய உயரம் தப்பு என்று அந்த எரிச்சலிலும் எப்சிபாவுக்குப் புரிந்தது. இதுதான் சரியான உயரம். மாட்டியவருக்கு அது தெரிந்திருக்கிறது.

இந்த உயரத்தில் யார் கண் இருக்கும்?

சொட்.

பின்னால்.

சொட். சொட்.

எழவில்லை. எழ முடியவில்லை. படுத்தபடியே கழுத்தை மட்டும் திருப்பி, மறு கன்னத்தைத் தரையில் வைத்தாள்.

எதிர்ச் சுவரை ஒட்டித் தலைகள். ஈரத் தலைகள். கழுத்துக்குக் கீழே சிமென்ட். விரிசல் இல்லை. ஈரம் இல்லை. கூந்தலிலிருந்து சொட்டிய இடத்தில் மட்டும் கறுப்பாக நனைந்திருந்தது. ஆளுக்கொரு படத்தின் முன்னால் நின்று பார்த்தன. நிதானமாக. ரசித்து. பிறகு ஒவ்வொன்றும் மெல்ல அடுத்த படத்துக்கு நகர்ந்தது. தரை அலுங்கவில்லை.

ஒன்று மூலை திரும்பி இந்தச் சுவருக்கு வந்தது.

இரண்டாவது படம். பார்த்தது.

முதல் படத்துக்கு வந்தது.

எப்சிபா மறைத்துக்கொண்டிருந்தாள்.

அது அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கோபமாக இல்லை. இமைக்காமல், வாயோரம் சேறு வழிய, அவள் விலகுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.