சுவிட்சு இல்லாத வீடு

ஜூன் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வானம் பழைய அலுமினியப் பாத்திரம்போல் மங்கிக் கிடந்தது. அத்தகைய நாளில், புதிய வீட்டின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தையல் இயந்திரம் நின்றது.

வீடு மெய்யாகவே புதியது. குடியேறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த நீலத் தாள் இன்னும் முழுவதும் உரிக்கப்படவில்லை. கதவுகளில் வார்னிஷ் வாசனை வீசியது. கட்டியவர்கள் துடைக்க மறந்த சிமென்ட் கட்டி ஒன்று குளியலறை மூலையில் தவளைபோல் உட்கார்ந்திருந்தது. தம்பி தினமும் அதற்குக் காலை வணக்கம் சொல்லிவந்தான்.

தம்பிக்கு வயது ஆறு. அவனுடைய குரல் தெருமுனை வரை கேட்கும். ஆகவே வீட்டில் அவனுக்குத் 'தகரம்' என்று பெயர். அவனுடைய அக்காவுக்கு வயது பத்து. எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும், அதைக் கவிழ்த்து, எங்கே கழற்றலாம் என்று பார்ப்பாள். ஆகவே அவள் 'திருகாணி' ஆனாள்.

இரண்டு பெயர்களையும் சூட்டியவர் அப்பா. அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். வேலை முடிந்து வந்த பிறகும் அவருடைய கை சும்மா இராது.

அம்மா பள்ளிச் சீருடைகள் தைப்பவர். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய செவிப்புலனைக் கொண்டுபோய்விட்டது. பேசுபவரின் உதடுகளைப் பார்த்தே அவர் எல்லாவற்றையும் புரிந்துகொள்வார். அம்மாவும் பேசுவார். ஆனால் சொற்களின் ஓரங்கள் சற்றே தேய்ந்திருக்கும். வீட்டாருக்கு அது பழகிய பேச்சு.

'ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்' என்பார்கள். இந்த வீடு அப்பாவின் விடுமுறை நாள்களை எல்லாம் அசையாமல் தின்றது. சுவர் பூசும்போதே அவர் மேஸ்திரியிடம் ஒரு விந்தையான கட்டளையிட்டார். அறைகளில் சுவிட்சே வைக்கக் கூடாதாம்.

"சார், நல்லா யோசிச்சுக்கங்க. பின்னாடி என்னைத் திட்டக் கூடாது" என்றார் மேஸ்திரி.

"வாய் இருக்கும்போது சுவிட்சு எதுக்குங்க?" என்றார் அப்பா.

மேஸ்திரி கெஞ்சியதன் பேரில் சமையலறையிலும் குளியலறையிலும் மட்டும் சுவிட்சுகள் தப்பிப் பிழைத்தன. மற்ற அறைகளின் கூரையில், எலுமிச்சம்பழம் அளவில் வெள்ளைக் கருவி ஒன்றை அப்பாவும் திருகாணியும் சேர்ந்து பொருத்தினார்கள். "விளக்கு போடு" என்றால் விளக்கு எரியும். "காத்து வேணும்" என்றால் மின்விசிறி சுழலும். ஐந்து நிமிடம் பேச்சுக்குரல் கேட்கவில்லையெனில், யாரும் இல்லை என்று எண்ணி விளக்கு தானே அணைந்துவிடும்.

தகரம் தும்மினாலும் மின்விசிறி சுழன்றது. மின்விசிறி சுழன்றதும் அவன் மறுபடி தும்மினான். இப்படியே ஒரு மாலைப்பொழுது முழுவதும் கழிந்தது.

எல்லாம் நன்றாகவே இருந்தன, அந்தத் தையல் இயந்திரத்தைத் தவிர.

அம்மாவுக்கென்றே இந்த வீட்டில் ஓர் அறை உண்டு. வீட்டின் பின்புறம், அகலமான சன்னலுடன் அமைந்த அறை. பல வீடுகளைப் பார்த்து அலுத்த பிறகு, பாதி கட்டியிருந்த இந்த வீட்டுக்குள் நுழைந்த அப்பா, அந்தச் சன்னலுக்கு நேரே நின்று, "உன் மெஷின் இங்கதான்" என்றார். அந்த நொடியிலேயே வீடு முடிவாகிவிட்டது. அம்மா அன்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆனால் குடிவந்த மறுநாளே அம்மா இயந்திரத்தை இழுத்துக்கொண்டுபோய் வாசற்கதவின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே வருவோர் ஒருக்களித்து வரவேண்டியிருந்தது. தகரம் நாள்தோறும் தவறாமல் அதில் இடித்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் குழாய் பழுதுபார்க்க வந்தவர், ஈரக் காலுடன் ஒரு வெள்ளைச் சட்டையை மிதித்துவிட்டார். பாவம், அவர் மீதும் தவறில்லை; கால் வைக்க இடமில்லை.

மதியம் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். பிறகு நினைவு வந்து, அம்மாவுக்குத் தெரியும்படி முகத்தை நிமிர்த்தினார்.

"இந்த வீடு உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு."

"அப்புறம் ஏன் வாசல்லயே உக்காந்திருக்க? உனக்குன்னு கட்டின அறை சும்மா கிடக்கு."

அம்மா தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். "அதுல சாமான் போட்டுக்கலாங்க."

அப்பா, திங்கட்கிழமை தச்சர் வருவதாகவும், அந்த அறையில் சாமான் அடுக்கப் பலகை அடித்துவிடலாம் என்றும் மட்டும் சொன்னார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனவர், வெகு நேரம் கழித்தே வெளியே வந்தார். நாடாவை அவர் இழுத்த ஓசை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தச்சர் வந்துவிட்டால் அம்மாவின் அறை அம்மாவுடையதாக இராது. திருகாணி அதையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் நீலத் தாளை உரிக்கலாமென்று பின்பக்கம் சென்றாள். தையல் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார். மழை இருட்டில் அறை கருத்திருந்தது.

"விளக்கு போடு" என்றார் அம்மா, கூரையைப் பார்த்து.

"மன்னிக்கவும். மீண்டும் சொல்லுங்கள்" என்றது வெள்ளைக் கருவி.

அம்மாவுக்கு அது கேட்காது. கருவிக்கு உதடும் கிடையாது. அவர் தலையை உயர்த்தியபடி விளக்குக்காகக் காத்திருந்தார். மறுபடியும் சொன்னார். கருவி மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. பிறகு அம்மா கதவோரச் சுவரை உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தார். எல்லா வீடுகளிலும் சுவிட்சு இருக்கும் இடம் அது. இங்கோ, சுவர் வழவழவென்று இருந்தது.

திருகாணி முன்னால் வந்து நின்றாள். அம்மா திடுக்கிட்டு மார்பில் கை வைத்துக்கொண்டார்.

"இதுதாம்மா, இதுதான் எனக்கு ஆகல" என்றார் அம்மா, மூச்சு வாங்கியபடி.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பழைய வாடகை வீடு மாடியில் இருந்த ஒரே நீள அறை; தரை மரப்பலகை. யார் நடந்து வந்தாலும் பலகை அதிர்ந்து அம்மாவின் பாதத்துக்குச் சேதி சொல்லும். தகரம் குதித்து வருவான், திருகாணி குதிகாலை இழுத்து வருவாள், அப்பா சீராக வருவார். முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடலாம். இந்த வீட்டிலோ தரை சிமென்டின் மேல் பதித்த கல். அது யாருடைய வரவையும் சொல்வதில்லை. சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால், முதுகுப்புறம் யார் வந்தாலும் தெரியாது.

"வாசல்ல உக்காந்தா வர்றவங்க முகம் முதல்ல தெரியுது. அதான்."

"அப்பாகிட்ட சொல்லலாம்லம்மா?"

"அவர் முகத்தைப் பாரு. புதுப் பொம்மை கிடைச்ச உன் தம்பி மாதிரி இருக்காரு. இதை எப்படிச் சொல்றது? நீயும் சொல்லாத. சத்தியமா."

திருகாணி சத்தியம் செய்தாள். செய்த பிறகுதான் அது எவ்வளவு கனமான சத்தியம் என்று தெரிந்தது.

சொல்லக் கூடாது, சரி. ஆனால் காட்டக் கூடாது என்று அம்மா சொல்லவில்லையே. இப்படி எண்ணியவள் நேரே அப்பாவின் கருவிப் பெட்டியிடம் சென்றாள். சுவரில் துளையிடும்போது அப்பா அணியும் தடித்த காதுமூடி அதில் இருந்தது. பக்கத்து அட்டைப் பெட்டியில், கழற்றி வந்த பழைய லிஃப்ட்டின் பொத்தான் பலகை ஒன்றும் இருந்தது. அதை அவள் பல நாள்களாகக் கேட்டுவந்தாள். அப்பா பல நாள்களாக "பாக்கலாம்" என்று சொல்லிவந்தார்.

"அப்பா, ஒரு பந்தயம். இந்தக் காதுமூடியைப் போட்டுக்கிட்டு, தையல் அறையில சன்னலைப் பாத்து அரை மணி நேரம் உக்காரணும். பேசக் கூடாது. தோத்தீங்கன்னா அந்தப் பலகை எனக்கு."

"வாயை மூடிக்கிட்டு இருக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அப்பா சிரித்தார். பழுதான சிறு மோட்டார் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய், விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, காதுமூடியை மாட்டி உட்கார்ந்தார். அம்மா அப்போது குளியலறையில் அந்த வெள்ளைச் சட்டையின் சேற்றைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைந்தது.

அப்பா வாயைத் திறந்தார். பந்தயம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். கையை ஆட்டினார். ஒருமுறை தட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. எழுந்து இருட்டில் சுவரருகே போய், உள்ளங்கையால் தடவினார். அம்மா தடவிய அதே இடம்.

அப்பா மறுபடி வந்து உட்கார்ந்தபோது, திருகாணி தகரத்தை உள்ளே அனுப்பினாள். அவன் பள்ளியில் கற்ற பாட்டை முழுக் குரலில் பாடிக்கொண்டே சென்று, அப்பாவின் தோளைத் தொட்டான். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்த அப்பாவின் மடியிலிருந்து மோட்டார் விழுந்தது. "அட!" என்று அலறிவிட்டார்.

"அப்பா தோத்துட்டாரு" என்று தகரம் குதித்தான்.

அப்பா சிரிக்கவில்லை. காதுமூடியைக் கழற்றினார். "நீ எப்படா வந்த?"

"பாடிக்கிட்டேதானே வந்தேன்."

அப்பா தம் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இது பந்தயம் இல்லல்ல?"

"நான் எதுவும் சொல்லலப்பா."

"ஆமா. நீ எதுவும் சொல்லல." அவர் மெதுவாக உட்கார்ந்தார். "ஒரு வாரமா இப்படித்தானா? என்கிட்ட ஏன் சொல்லல அவ?"

திருகாணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்த தகரத்துக்கோ எந்தச் சத்தியமும் இல்லை.

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்கப்பா" என்றான்.



பின்பு அப்பா எழுந்து போய்ப் பொத்தான் பலகையை எடுத்து வந்து, மகளின் கையில் கொடுத்தார். "ஜெயிச்சது நீ. இதை வச்சு என்ன பண்ணப் போற?"

"லிஃப்ட்டுக்குக் காதே கிடையாதேப்பா. ஆனா எந்த மாடியில ஆள் நிக்குதுன்னு அதுக்குத் தெரியுது. பொத்தான் எரியுது, அதுவும் அங்க போயிடுது. அம்மாவுக்கும் அப்படி எரிஞ்சா போதாதா?"

அப்பா மகளின் தலையில் கை வைத்தார். அதன் பிறகு துளைபோடும் கருவியை எடுத்தார். மேஸ்திரி மாவுபோல் இழைத்துப் பூசிய அந்தச் சுவரில், தாமே முதல் துளையைப் போட்டார். தூள் பறந்தது. தகரம் தும்மினான். வேறு எந்த அறையிலோ மின்விசிறி சுழன்றது.

துவைத்து முடித்து வந்த அம்மா, கதவருகே திகைத்து நின்றார். அவருடைய கண் முதலில் மகளிடம் போயிற்று. திருகாணி இல்லையென்று தலையாட்டினாள்.

அப்பா கருவியைக் கீழே வைத்து, அம்மாவுக்கு நேரே முகம் காட்டி நின்றார். அவருடைய மீசையெல்லாம் வெள்ளைத் தூள்.

"அவ சொல்லல. சுவர் சொல்லிச்சு" என்றார். "நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அம்மா தம் முந்தானையால் அந்த மீசையைத் துடைத்தார். "சொன்னா சுவரை இடிச்சிருவீங்கன்னு பயந்தேன். பாருங்க, சொல்லாமலே இடிச்சுட்டீங்க."

மாலைக்குள் வேலை முடிந்தது. கதவோரத்தில், கை தானாகப் போகும் இடத்தில், ஒரு சாதாரணச் சுவிட்சு வந்தது. சன்னலுக்குப் பக்கத்தில், தைப்பவரின் கண்ணில் படும் உயரத்தில் லிஃப்ட் பலகை அமர்ந்தது. வாசல் மணியை யாராவது அழுத்தினால் ஒன்று எரியும். அறைக்கு வெளியே நடையில் மூன்று பொத்தான்கள் வைத்தார்கள். அப்பா வந்து அழுத்தினால் இரண்டு எரியும், திருகாணிக்கு மூன்று, தகரத்துக்கு நான்கு. பலகையின் அடியில் மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தான் ஒன்று உண்டு. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உதவிக்கு அழைப்பதற்கானது. அதை அம்மா அழுத்தினால், கூடத்து விளக்கு சிமிட்டும்.

"மேஸ்திரி வந்தா இந்தப் பக்கம் கூட்டிட்டு வராதீங்க" என்று அப்பா எல்லாரையும் எச்சரித்தார். தச்சருக்கு, சமையலறை வேலை மட்டும் போதும் என்று சொல்லியனுப்பினார்.

பிறகு நால்வரும் சேர்ந்து தையல் இயந்திரத்தைத் தூக்கினார்கள். தகரம் தூக்கியது மேசையின் மேலிருந்த நூற்கண்டை மட்டும்தான். ஆனால் முனகல் எல்லாவற்றிலும் பெரியது அவனுடையதே.

அம்மா சன்னலைப் பார்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினார்கள். சற்று நேரத்தில் உள்ளே இயந்திரம் ஓடும் ஓசை கேட்டது. தகரத்துக்குப் பொறுக்கவில்லை. நடைக்கு ஓடி, தன் பொத்தானை விடாமல் அழுத்தினான்.

"போதும்டா தகரம், உள்ள வா" என்றார் அம்மா, திரும்பாமலே.

தகரம் வாயைப் பிளந்தான். "அக்கா, அம்மாவுக்கு முதுகுல கண்ணு இருக்கு" என்று ஊருக்கே அறிவித்தபடி கூடத்துக்கு ஓடி வந்தான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் கூடத்து விளக்கு சிமிட்டியது. ஒருமுறை. இன்னும் ஒருமுறை. மூவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு தையல் அறைக்கு ஓடினார்கள்.

அம்மாவின் விரல் மஞ்சள் பொத்தானின் மேல் இருந்தது. "ஒண்ணுமில்ல" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "கூப்பிட்டா வர்றீங்களான்னு பாத்தேன்."