சீனித்தம்பியின் செவிடு

வாவிக்கரையில் நெடுநாள் பூட்டிக் கிடந்த பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்து, ஆர்த்திகா மிஸ் தன் காது ஆராய்ச்சியை அங்கே நடத்திக்கொண்டிருந்தார். சண்டை ஓய்ந்த மறு வருடம் அது. காலை வெயிலில் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு உள்ளே போனான் கருவாட்டு வியாபாரி சீனித்தம்பி. பின்னாலேயே கோணாமலை, அவனுடைய செத்துப்போன மனைவி கண்ணகையின் அண்ணன்.

ஷெல் விழுந்து காது போய்விட்டதென்று சீனித்தம்பி இருபது வருடமாகச் சொல்லிவந்தான். நல்ல சரக்கு அந்தச் செவிடு. வாங்க வந்தவர்கள் அவன் முன்னாலேயே, "இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுப்பம்" என்று குசுகுசுப்பார்கள். இவன் முகம் அசையாது, விலையும் அசையாது.

சுனாமி வந்த ஞாயிறும் அதே சரக்கைத்தான் விற்றான். அன்று கோபத்தில் மனைவியை அறைக்குள் பூட்டியிருந்தவன், கடலைக் கண்டதும் சாவியோடு ஓடினான். ஓடிய வழியில் சாவியை வாவியில் எறிந்தான். "அவள் கூப்பிட்டது எனக்குக் கேக்கல்ல" என்றான். ஊர் நம்பியது.

கோணாமலை நம்பவில்லை. புதன்கிழமை சீனித்தம்பிக்கு இரண்டாம் கலியாணம்.

"செவிடெண்டு மிஷின் சொன்னா நானே பந்தலில முன்னுக்கு நிப்பன், மச்சான். இல்லாட்டி, கேட்டுக் கேட்டுத்தான் ஓடினவன் எண்டு பொம்பிளை வீட்டுக்குச் சொல்லிப்போடுவன்."

முகத்தை அசைக்காமல் இருந்தால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டான் சீனித்தம்பி. தலையில் கம்பித் தொப்பி ஏறியது. மழைச் சத்தம். காகம். தென்னோலை. முகம் கல்லாகக் கிடந்தது.

திரையில் ஓடிய கோடு கிடக்கவில்லை.

"கேக்குது அண்ணே. எல்லாத்துக்கும் மூளை சின்னச் சின்ன மேடு காட்டுது. தெரிஞ்ச ஆள் கூப்பிட்டா மலை மாதிரி எழும்பும்" என்றார் ஆர்த்திகா.

கடைசியாகக் கடல் சத்தத்தைப் போட்டார். வெறும் அலை, அவரே பதிவு செய்தது.

கோடு மலைபோல எழுந்தது.

மறுபடி. மறுபடி.

"ஆர் கூப்பிடுறது?" என்று மெல்லக் கேட்டபடி அலைச் சத்தத்தை நிறுத்தினார்.

கோடு நிற்கவில்லை. ஊறிய பலகையின் உப்பு நாற்றம் அறையில் பரவியது.

கண்ணகை ஒருநாளும் புருஷன் பேரைச் சொன்னவளல்ல. அவன் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால், பிடரியோடு ஒட்டி, அந்தப் பழைய அழைப்பு.

"இஞ்சாருங்க. கதவத் திறங்க."

ஆர்த்திகா முற்றத்துக்கு ஓடினார். கோணாமலை ஆறுதலாக, அவசரப்படாமல் வெளியே வந்து, கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டான்.

உள்ளே கதவு அதிர்ந்தது. "மச்சான், திற! உள்ளுக்க நிக்கிறாள்!"

கோணாமலை காதில் கையைக் குவித்தான்.

"என்ன மச்சான்? கேக்கல்ல."

சத்தம் ஓய்ந்த பிறகுதான் திறந்தான். சீனித்தம்பி தொப்பியோடு கதிரையில் குந்தியிருந்தான். கத்திப் பார்த்தார்கள், திரும்பவில்லை. கலியாணம் நின்றது.

அடுத்த மாதம் ஆர்த்திகா மறுபடி சோதித்தார். மழை, காகம், சீனவெடி. கோடு செத்துக் கிடந்தது. இத்தனை வருடம் விற்ற சரக்கு, கடைசியில் அவனுக்கே முழுதாக வந்து சேர்ந்திருந்தது.

எல்லாவற்றையும் நிறுத்தினார். அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கோடு மலைபோல எழுந்தது.

மறுபடி. மறுபடி.

சீனித்தம்பி எழுந்தான். இடுப்பு மடியிலிருந்து ஈரம் சொட்டும் சாவியொன்றை எடுத்து, விரியத் திறந்து கிடந்த கதவைத் திறக்கப் போனான்.