காப்பி ஸ்டோரில் பெரட்டு அடித்த சனிக்கிழமை

முத்துமாரி ஆத்தா மேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்காக, மேட்டுக் கோயில் மாதா மேலும் சத்தியம். இரண்டு பேர் மேலும் ஒரே மூச்சில் பொய்ச் சத்தியம் செய்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது. ஆகவே இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் கூட்டியதும் இல்லை, ஒரு சொல் குறைத்ததும் இல்லை. நான் உட்கார்ந்திருந்தது கதவோரத்து நாற்காலியில். அன்றைக்கு நான் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. இதற்கும் சத்தியம்.

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற ரோட்டில், எங்கள் தோட்டம் தொடங்குகிற வளைவில், கருங்கல்லால் கட்டிய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. இன்றைக்கு மலை முழுக்கத் தேயிலை. அதற்கு முன்னே இங்கே காப்பிதான். வெள்ளைக்காரத் துரை காலத்தில் பறித்த பழத்தை எல்லாம் கொண்டுவந்து கொட்டிய ஸ்டோர் அது. காப்பிச் செடியில் நோய் விழுந்து மலையே சொட்டையான பிறகு கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் அதில் வௌவால் குடியிருந்தது, ஆடு குடியிருந்தது, ஒரு தேர்தல் சமயம் கட்சி ஆபீசும் இருந்தது. இந்த மூன்றில் வௌவாலால்தான் எங்களுக்குத் தொந்தரவு குறைவு.

ஜூட்சன் என்கிற ஹட்டன்காரன் டுபாய் ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அந்த ஸ்டோரைக் குத்தகைக்கு எடுத்தான். காப்பிக் கடை போட்டான். கண்ணாடி ஜன்னல், மஞ்சள் பல்பு, கொட்டையை அங்கேயே வறுத்தெடுக்க ஒரு மெஷின். சனிக்கிழமை பின்னேரம்தோறும் கச்சேரி. மைக் கிடையாது, கரண்டில் ஓடுகிற வாத்தியம் எதுவும் கிடையாது. வெறும் கிட்டார், புல்லாங்குழல், உடுக்கு, நாட்டுப் பாட்டு. கொழும்பிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். கண்ணை மூடிக் கேட்பார்கள். கண்ணைத் திறந்து போட்டோ எடுப்பார்கள்.

எனக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு.

"தாத்தா, நீங்க ஒண்ணும் பேச வேணாம்" என்றான் ஜூட்சன். "சால்வையப் போத்திக்கிட்டு சும்மா உக்காருங்க. போட்டோல நல்லா இருக்கும்."

வந்தவர்கள் கச்சேரியை எவ்வளவு எடுத்தார்களோ, அவ்வளவுக்கு என் சால்வையையும் எடுத்தார்கள்.

கதை ஜெரோமியைப் பற்றியது. எங்கள் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துப் பையன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார் பிடித்துப் பழகினவன். அவன் தாய் ஜோசப்பின் கொழுந்து பறிக்கிறவள். அவள் கழுத்துச் சங்கிலிதான் அந்தக் கிட்டாராக மாறியிருந்தது. வேறு பிள்ளை இல்லை, புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் குடும்பத்துக்கு இருந்த சொத்து, சுருக்கமாகச் சொன்னால், பையனுடைய விரல்கள்.

ஒரு சனிக்கிழமைக்கு முன்பு ஜூட்சன் அவனைக் கூப்பிட்டான்.

"டேய், இந்த வாரம் கொழும்புல இருந்து ஒரு அம்மா வர்றாங்க. பெரிய பெரிய மேடை போடுறவங்க. அவங்களுக்குப் புடிச்சா நீ கொழும்பு. புடிக்கலன்னா கத்தியத் தூக்கிக்கிட்டு மலையில கவ்வாத்து வெட்டப் போ."

அந்த வாரம் முழுக்க ஜெரோமி சோறு தின்கிற நேரம் தவிர கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. இரும்புக் கம்பி. இரண்டு கை விரல் நுனியும் கன்றி, வீங்கி, செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. தொட்டால் உடைகிற பதம்.

ஜூட்சனுக்கோ வேறு யோசனை. ஸ்டோர் பரணைச் சுத்தம் பண்ணும்போது அவனுக்கு ஒரு தப்பு மேளம் கிடைத்திருந்தது. துரை காலத்துத் தப்பு. தோல் விறைப்பாக இருந்தது. அத்தனை காலம் எலி வாய் வைக்காத மாட்டுத்தோலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எலிக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் விடிகிற நேரம் தப்பு அடித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். எல்லோரும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். யார் எந்த மலைக்கு, யாருக்கு என்ன வேலை என்று கங்காணி பிரித்துக் கொடுப்பான். சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, பெரட்டுக்கு ஒரு அடி. லயத்துப் பிள்ளைகள் பிஸ்கட் டின்னில் அடித்து விளையாடுவதால் அந்த அடி எங்கள் எல்லோருக்கும் தெரியும். டின்னில் அடிக்கலாம். அது பிஸ்கட் டின்.

"கடைசிப் பாட்டுல நீ கிட்டார், நான் தப்பு. பெரட்டு அடி அடிக்கிறேன். அந்தம்மா அப்புடியே சொக்கிப் போயிருவாங்க" என்றான் ஜூட்சன்.

சனிக்கிழமை காலையிலேயே வந்து முன் வரிசையில் இடம் பிடித்திருந்த ஜோசப்பினுக்கு அது பிடிக்கவில்லை.

"பெரட்டு அடிச்சா வேலை பிரிச்சுக் குடுக்கணும் தம்பி. கூப்புட்டு வச்சுட்டு சும்மா நிப்பாட்டக் கூடாது."

"யாருக்குக்கா வேலை குடுக்கச் சொல்றீங்க? வந்தவங்களுக்குக் காப்பி குடுக்கிறேன், போதுமா?"

"விளையாட்டு இல்ல தம்பி."

"அம்மா" என்றான் ஜெரோமி, பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னைக்கு ஒரு நாளைக்கு வாய மூடிக்கிட்டு இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் மூடிக்கொண்டாள்.

மத்தியானச் சோற்றுக்கே மூடுபனி இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ரோடு இல்லை, மலை இல்லை, வெள்ளையாக ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஜூட்சன் மெஷினைத் தட்டிவிட்டான். வறுபடுகிற காப்பி வாசனை கதவிடுக்கால் வெளியேறி, பனியில் கலந்து, தேயிலை மலைக்குள் இறங்கியது. வாசனை அதற்கு முன்பும் இறங்கியிருக்கிறது. கூப்பிடுகிற சத்தமும் சேர்ந்து இறங்கியது அன்றைக்குத்தான்.

ஜெரோமி நன்றாக வாசித்தான். அவன் குரலில் ஒரு சளிக்கட்டு உண்டு, அது பாட்டுக்கு அழகு. இரண்டாவது பாட்டில் அந்தக் கொழும்பு அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாவதில் கைக்குட்டையைத் தேடினாள். பையன் ஜெயித்துவிட்டான். அந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்திருந்தால் கதை முடிந்தது.

ஜூட்சன் தப்பைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றான்.

அடித்தான்.

மரியாதைக்காகச் சொல்கிறேன், நன்றாகவே அடித்தான். கருங்கல் சுவர் அந்தச் சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கொடுத்தது. அடி நின்ற பிறகும் சுவர் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் கேட்டது காலடி இல்லை.

இருமல்.

பனிக்குள்ளிருந்து. ஒரு நெஞ்சின் இருமல் இல்லை.

பிறகு மணம் வந்தது. நனைந்த கம்பளி. காய்ச்சல் வேர்வை. அதற்கு அடியில், நாள்பட்ட மண்.

கதவு என் பக்கத்தில்தான். அது திறந்ததை நான் பார்க்கவில்லை. திறந்திருந்ததைப் பார்த்தேன்.

ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். தலையில் கம்பளி, முதுகில் கூடை. முகத்தைப் பார்க்காமல் இருக்க முடிந்தது, கம்பளி நிழல் மறைத்தது. காலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. துரை காலத்தில் இந்தியக் கரையிலிருந்து தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, காடு வழியே நடந்து, காப்பி பறிக்க வருகிற வழியிலேயே விழுந்து, புதைக்க ஆளில்லாமல் கிடந்தவர்களைப் பற்றி நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். விழுந்த பிறகும் அவர்கள் நடையை நிறுத்தவில்லை என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. பாதம் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. கணுக்காலால் நடந்து வந்து வரிசையாக நின்றார்கள்.

கொழும்பு ஆட்கள் கை தட்டினார்கள்.

"என்ன மாதிரி வேஷம் போட்டிருக்காங்க, பாருங்களேன்!" என்றாள் அந்த அம்மா.

கடைசியாகக் கங்காணி வந்தான். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு. ரகசியம் பேசுகிற குரல்.

"யாரு தப்படிச்சது?"

ஜூட்சனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் மூளை வேலை செய்தது. தப்பைச் சத்தமில்லாமல் ஜெரோமியின் காலடியில் வைத்தான்.

"இவன்தாங்க."

ஜெரோமி சிரித்தான். ஜூட்சன் ஆள் பிடித்து நாடகம் போடுகிறான் என்று நினைத்துவிட்டான் பாவி.

"பழம் எங்க?" என்றான் கங்காணி.

"பழம் ஏது கங்காணி ஐயா?" என்றான் ஜெரோமி. "இப்ப எல்லாம் தேயிலைதான்."

"தேயிலைன்னா?"

கங்காணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"பழம் இல்லாமலா கூப்புட்ட?"

பிரம்பு நீண்டது. கிட்டார்க் கழுத்தைப் பிடித்திருந்த இடது கையைப் பிரம்பு நுனி மெல்லத் தூக்கியது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் விரல் நுனிகள் தெரிந்தன.

"இந்தா இருக்கே" என்றான் கங்காணி. "நல்லாப் பழுத்திருக்கு."

ஜோசப்பினுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலி சாய எழுந்து ஓடினாள். பையனுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"அய்யா, இதை எடுத்துக்கங்க. காலம் பூரா மலையில நின்ன கைங்க. என் பிள்ளைய விட்டுருங்க."

கங்காணி அவள் கையை வாங்கினான். திருப்பிப் பார்த்தான். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, வெடித்துப்போன நுனிகள். முகர்ந்து பார்த்தான்.

"இது காப்பி இல்ல."

பழம் பறிக்கிறவள் குறுக்கே நிற்கிற கிளையை விலக்குவாளே, அப்படி அவளை விலக்கிவிட்டான்.

வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். காப்பிப் பழத்தை இழுக்கக் கூடாது, கிள்ளக் கூடாது. காம்போடு பிடித்து, பதமாகத் திருக வேண்டும். அவளுக்குக் கை மறக்கவில்லை.

டிக்.

கூடையில் விழுந்தது.

ஜெரோமி வாயைத் திறந்தான்.

"பெரட்டுல சத்தம் கூடாது" என்றான் கங்காணி.

சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்தே இருந்தது.

டிக்.

டிக்.

பின் வரிசையில் ஒருவர் அந்தத் தாளத்துக்குக் காலைத் தட்டினார்.

வலது கைக்கு வேறு ஒருத்தி வந்தாள். அவள் புதுசு போலிருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் திருக வேண்டியிருந்தது.

முடிந்ததும் கங்காணி கூடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"கூடை அடி கூட மூடல" என்றான், சலிப்போடு. "மிச்சத்துக்கு நிக்கிறோம்."

அவர்கள் வந்த கதவால் போகவில்லை. பரணுக்கு ஏறுகிற படியில், ஒருவர் பின் ஒருவராக, மேலே போனார்கள். மரப்படியில் கணுக்கால் எலும்பு படுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

ஜெரோமிக்கு விரல் நுனிகள் இருந்த இடத்தில் ரத்தம் வரவில்லை. பழம் பறித்த காம்பு போல வழவழவென்று மூடியிருந்தது. கொழும்பு அம்மா மேடைக்கு வந்து, பாராட்டி, ஜெரோமியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குனிந்து பார்த்தாள். விட்டுவிட்டு, அதே கைக்குட்டையில் தன் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, கொழும்பு மேடையில் தப்பு அடிக்க வரச்சொல்லி ஜூட்சனைக் கூப்பிட்டாள்.

ஜூட்சன் போய் அடித்துவிட்டும் வந்தான். நல்ல பெயர்.

ஜெரோமிக்கும் அவன் வேலை கொடுத்துவிட்டான், குறை சொல்ல முடியாது. அந்தக் கடையில் காப்பி பரிமாறுகிறவன் இப்போது ஜெரோமிதான். கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துக் கொண்டுவந்து வைப்பான். வருகிறவர்கள் அதுதான் மலைநாட்டு வழக்கம் என்று நினைத்து, தாங்களும் அப்படியே பிடித்துக் குடிக்கிறார்கள். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. பெரட்டு கலையவில்லையே.

ஜோசப்பின் மலையிலிருந்து இறங்கியதும் நேரே அங்கே வருவாள். பரணுக்குக் கீழே நின்று தலையை நிமிர்த்தி, "அய்யா, வேலை முடிஞ்சுபோச்சு. கலைங்க" என்பாள். மேலே இருமல் கேட்கும். அவ்வளவுதான்.

கச்சேரி நிற்கவில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை புதுசாக யாராவது கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாசிக்கும்போது பரண் பலகை கீழ்நோக்கிக் கொஞ்சம் வளைகிறது, மேலே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக வந்து எட்டிப் பார்ப்பதுபோல. காப்பிக்கும் முன்பைவிட இப்போது ஒரு தனி ருசி வந்திருக்கிறது என்கிறார்கள். குடித்து முடித்ததும் கோப்பை அடியில் கொஞ்சம் வண்டல் நிற்கும். அதை விரலால் வழித்துப் பாருங்கள். மெல்லிசாக, பிறை வடிவில் ஏதோ ஒன்று தட்டுப்படும்.

நகம்.

நம்பாதவர்கள் போய்க் குடித்துப் பார்க்கலாம். நான் யாரையும் தடுக்கவில்லை.

அந்தக் காப்பிக் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தேத்தண்ணிக் கடை என்னுடையது.