நிறுத்தத் தெரியாத குருவிகள்

குருவிக் கூண்டுக்குள் கிடந்த தேங்காய் நார் முழுவதையும் வழித்து எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் கூடு வளர்ந்திருந்தது. நேற்று மதியம் வரை உள்ளே தொங்கவிட்டிருந்த சின்னப் பிரம்புக் கூடையின் விளிம்போடு நின்றிருந்தது. இன்று விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை உயர்ந்து, மேலே கூரை மாதிரி வளையத் தொடங்கியிருந்தது. மருமகள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். பழுப்பு நாருக்கு மேலே வெள்ளை வெள்ளையாக ஏதோ இழை. பஞ்சாக இருக்கும் என்று நினைத்துக் கம்பிக்குள் விரலை விட்டு ஒன்றை இழுத்தாள். முடி. நரைத்த மனித முடி.

திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். மாமனார் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்தக் குருவிகள் நாத்தனாரின் கைங்கரியம். பக்கவாதம் வந்து பேச்சும் போய், வலது கை மட்டும் லேசாக அசைகிற நிலையில் தகப்பன் படுத்து எட்டு மாதம். மகள் எட்டிப் பார்த்தது மூன்றே முறை. மூன்றாவது முறை கூண்டோடு வந்து இறங்கினாள்.

"அப்பாவுக்குப் பொழுது போகணும்ல அண்ணி. ஃபின்ச் குருவி. எவ்ளோ அழகு பாருங்க! வேலையே இல்ல, தினை போட்டாப் போதும்."

வேலையே இல்லையாம். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத இரண்டு ஜீவன்கள். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, கழுத்தில் வரிக்குதிரைக் கோடு. பெட்டை வெறும் சாம்பல். தின்கிற தினை கொஞ்சம், உமியாக அறை முழுக்க ஊதுகிற தினை நிறைய. குடிக்கிற தண்ணீரிலேயே குளிக்கும். அதை நாளுக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும். விடிந்தது முதல் ரப்பர் பொம்மையை அமுக்கினாற்போல மீப், மீப், மீப். மாமனாருக்கு அள்ளுகிற கை குருவிக்கும் சேர்த்து அள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போய்விட்டாள் மகராசி. புருஷன் அதற்கும் வழக்கம்போல, "விடும்மா, பாவம், ஆசையா குடுத்திருக்கா" என்றான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டை முட்டையிட்டது, மறுநாள் முட்டையைக் காணோம். மறுபடி இட்டது, மறுபடி காணோம். பறவைக் கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"நார் உள்ளயே கிடக்கா? மொத முட்டை விழுந்ததுமே எடுத்துரணும்மா! இல்லன்னா அதுங்க பாட்டுக்கு முட்டை மேலயே கட்டும். அது மேல முட்டை போடும். அது மேலயும் கட்டும். நிறுத்தத் தெரியாது அதுங்களுக்கு."

"இதெல்லாம் எனக்கு யாரு சொன்னா?"

"அதான் இப்ப நான் சொல்றேன்ல."

கூண்டைக் கழுவும்போது பிடிக்க முடியாமல் பறந்து முட்டிக்கொள்கின்றனவே என்றதற்கும் அவர் வழி சொன்னார். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூண்டைத் திற. உள்ளங்கையில் தினைக்கதிரை வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார். பேசிக்கொண்டே இரு. என்ன பேச்சு என்பது முக்கியமில்லை. குரல் மட்டும் ஏறக்கூடாது.

அப்படித்தான் அவள் பேசத் தொடங்கினாள். தினமும் மதியம், மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தாலாட்டுகிற குரலில், பதினோரு வருஷத்துக் கோபத்தை.

"எங்கம்மாவுக்கு முடியலன்னு போன் வந்துச்சு, ஞாபகம் இருக்கா மாமா? வீட்டுக்கு ஆளுங்க வராங்க, யாரு சமைக்கிறதுன்னு கேட்டீங்க. மூணு நாள். மூணு நாளும் வந்தவங்களுக்கு வடிச்சுக் கொட்டினேன். ‘போயிட்டு வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன். துணி போட்டு மூடுனதுக்கு அப்புறம்தான் போய்ச் சேர்ந்தேன் மாமா."

குரல் ஏறவில்லை. முதல் வாரம் குருவிகள் திரைக்கம்பியிலேயே உட்கார்ந்திருந்தன. இரண்டாம் வாரம் கட்டில் சட்டத்துக்கு வந்தன. தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டன. அவளுடைய பேச்சை அந்த வீட்டில் யாராவது அத்தனை கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது அவள் தலையணையிலிருந்து மாமனாரின் தலையை மெல்லத் திருப்பினாள். காதுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்கு முடியே இல்லை. பிடுங்கின இடங்களில் பொட்டுப் பொட்டாக ரத்தம் காய்ந்திருந்தது. தாடியிலும் ஒரு பக்கம் மொட்டை. போர்வையின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. கூண்டின் கதவை மறுபடி போய்ப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் அவள் மாட்டின துணிக் கிளிப் மாட்டியபடியே இருந்தது. உள்ளே குருவிகள் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

மாமனாரின் வலது கை போர்வையைச் சுரண்டி, மெதுவாகத் தூக்கி, கூண்டைக் காட்டியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம். எடுத்துக்கொண்டு போ என்கிறார். அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. கூண்டைத் தூக்கிக் கூடத்தில் வைக்க அரை நிமிஷம் ஆகாது.

ஆனால் அந்தக் கை. அதே விரலை நீட்டித்தான் அன்றைக்குச் சமையலறையைக் காட்டினார்.

"பயமா இருக்கா மாமா?" குருவிகளிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள். "யாரையாவது கூப்பிட்டு, யாருமே வராம இருந்தா எப்படி இருக்கும்னு பாருங்க. ஒரு மத்தியானம்தானே."

ஊட்டுவதற்குக் கொண்டுவந்த கஞ்சியை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்தாள். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் மீப், மீப் என்று கேட்டது; நடுநடுவே மாமனாரின் தொண்டைச் சத்தம்; அது ஓய்ந்ததும் பதில் சொல்வதுபோல மறுபடி மீப். ஈர உமியின் வாடையும் கோழிக் கூண்டில் வருவது மாதிரி ஒரு சூடான நெடியும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தன. எழுந்து போகவேண்டும் என்று ஒவ்வொரு சட்டைக்கும் நினைத்தாள். போகட்டும், இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று ஒவ்வொரு சட்டைக்கும் பல்லைக் கடித்தாள்.

நாலு மணிக்குப் புருஷன் போன் பண்ணினான்.

"அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்."

போனை வைத்த பிறகுதான் கவனித்தாள். உள்ளே தொண்டைச் சத்தம் இல்லை. மீப்பும் இல்லை. வேறொரு சத்தம். காய்ந்த வைக்கோலுக்குள் எலி புகுந்தாற்போலச் சரசரவென்று. நிற்காமல். இரண்டு குருவிகள் போடக்கூடிய சத்தமில்லை அது.

கதவைத் தள்ளினாள். முழுசாகத் திறக்கவில்லை, பின்னால் ஏதோ மெத்தென்று தடுத்தது. உடம்பைக் குறுக்கி நுழைந்தாள்.

கூண்டுக் கதவில் கிளிப் அப்படியே இருந்தது. உள்ளே யாருமில்லை. திரைச்சீலை இல்லை, வெறும் கம்பிதான். மெத்தையின் பஞ்சு இல்லை. கட்டில்மேல், மாமனாரை இடுப்பிலிருந்து தலைவரை மூடி, வைக்கோற்போர் மாதிரி ஒரு கூடு. பஞ்சு, நூல், நார், நரை முடி. அதன் உச்சியில் ஒரு குழிவு. குழிவில் நகத்தளவில் ஐந்து வெள்ளை முட்டைகள். கூடு ஏறி இறங்கியது. மூச்சு விட்டது.

"மாமா!"

பாய்ந்துபோய் இரண்டு கையாலும் பிய்த்தாள். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் போதும், ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும். ஒரு அடுக்கு வந்தது. கீழே முட்டைகள். அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு. முட்டைகள். இன்னொன்று. முட்டைகள் விரலில் நசுங்கி வழிந்தன. முகம் வரவில்லை. தலையணை இருக்கவேண்டிய ஆழத்தைக் கை தாண்டியது. மெத்தையின் ஆழத்தைத் தாண்டியது. முழங்கை வரை உள்ளே போய்விட்டது. தரையும் தட்டவில்லை. இன்னும் முடி. இன்னும் பஞ்சு. வெதுவெதுவென்று மூச்சுக்காற்று மட்டும் விரல்களில் பட்டது.

ஆண் குருவி எங்கிருந்தோ வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. பயமே இல்லாமல். காதோரம் ஒரு முடியைப் பிடித்து, வெடுக்கென்று பிடுங்கியது.

கையை இழுத்தாள். வரவில்லை. உள்ளே பல்லில்லாத ஒரு வாய் அவளுடைய நடுவிரலைக் கவ்வியிருந்தது. இறுக்கமாக, பசியோடு, ஊட்டச் சொல்லிச் சப்பியது.

பிறகு, அதற்குப் பக்கத்தில், சுண்டுவிரலை இன்னொரு வாய் கவ்வியது.