ரேடாருக்குக் கண் இல்லாத இடம்

அந்த வெள்ளைப் புள்ளி நகரவில்லை. ஹெட்லி பார்டிக்கு முதலில் உறுத்தியது அது ஒன்றுதான்.

கனடாவின் கிழக்குக் கரையோரம் ஓடும் லாப்ரடார் நீரோட்டத்தில் அகப்பட்ட எதுவும் இருந்த இடத்தில் இருக்காது. பனிப்பாளமோ பனிமலையோ, ஒரு நாளைக்குப் பத்து மைலாவது தெற்கே போய்க்கொண்டே இருக்கும். ஆனால் கடல்பனியைக் கண்காணிக்கும் விமானத்தின் வால்பக்க அறையில், ரேடார் பெட்டியிலிருந்து கருகின வாடையோடு சூடாக ஊர்ந்து வந்த படச்சுருளில், ஃபோகோ தீவுக்கு வடகிழக்கே, பதினாறு நாளைக்கு முன்னால் இருந்த அதே இடத்தில் அந்தப் புள்ளி உட்கார்ந்திருந்தது. மேலே பளிச்சென்ற நடுப்பகல். கீழே கடலையே காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் மூடுபனி.

அந்த இடம் அவனுக்கு மனப்பாடம். வரைபடத்தில் அங்கே அவன் அன்றைக்குத் தன் கையால் ஒரு முக்கோணம் போட்டிருந்தான். முக்கோணம் என்றால் பனிமலை.

பனிப்பரப்பைக் கிழித்து ஓடும் கப்பல் பின்னால் ஒரு கறுப்புத் தடத்தை விட்டுப்போகும். பனிமலை விடாது. அன்றைக்குப் புள்ளியின் பின்னால் தடம் இல்லை. பனி இறுக்கி நகர முடியாமல் நிற்கும் படகுக்கும் தடம் இருக்காது என்பது இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே சொல்லித்தருவது. சந்தேகமாக இருந்தால் விமானியிடம் இன்னொரு சுற்று கேட்டு, தாழ இறங்கிக் கண்ணால் பார்க்க வேண்டும். ஹெட்லிக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் வெள்ளிக்கிழமை, பசி, வீட்டு நினைப்பு. பென்சிலை எடுத்து முக்கோணம் போட்டுவிட்டான்.

அந்த முக்கோணத்துக்குள் ரேடியோ செத்துப்போன ‘மார்த்தா ரோஸ்’ படகு இருந்தது. கடல்நாய் வேட்டைக்குப் போன நான்கு பேர் இருந்தார்கள். நால்வரில் ஒருவன் ஹெட்லியின் கூடப்பிறந்த தம்பி லியாண்டர்.

மூன்று நாள் கழித்துத் தேடப் போனவர்களுக்குக் கிடைத்தது படகின் பெயர் எழுதிய பலகையும் ஒற்றைக் கம்பளிக் கையுறையும்தான். உடல்கள் கிடைக்கவில்லை. பழைய வரைபடத்தை யாரும் கேட்கவுமில்லை, ஹெட்லி காட்டவுமில்லை. லியாண்டரின் மனைவி வெர்னா, கேண்டர் விமான நிலையத்து உணவகத்தில் தேநீர் ஊற்றுபவள். ஒவ்வொரு முறை விமானம் இறங்கும்போதும் பின்வாசலில் வந்து நிற்பாள். “ஏதாவது தெரிஞ்சுதா?” என்பாள். “ஒண்ணுமில்ல” என்பான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவன் நெஞ்சு பதினாறு நாளாகத் தூங்கவே விடவில்லை.

படச்சுருள் ஊர்ந்தது. இப்போது புள்ளிக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு சின்னப் புள்ளிகள். வரிசையாக. ஒன்றன்பின் ஒன்றாக.

“என்னடா, சுருளை மோந்து பாக்குற? வறுத்த பன்றிக்கறின்னு நெனச்சியா?” கூட வேலை பார்க்கும் க்ளைட் தேநீரோடு வந்து தோளில் இடித்தான்.

“இந்த நாலும் உனக்குத் தெரியுதா?”

க்ளைட் குனிந்து பார்த்தான். “உருளையில தூசி. தொடைச்சு விடு, போயிரும். பனி மேல ஆள் நடக்குதுன்னு எழுதி வெச்சிராதே, ஆட்டவா தலைமை ஆபீஸ்ல வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். “மன்னிச்சிரு மாப்ளே. யோசிக்காம உளறிட்டேன்.”

க்ளைட் சொன்னது சரிதான். இந்த உயரத்திலிருந்து இந்த ரேடாருக்கு மனிதன் தெரியமாட்டான். தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தபோது ஹெட்லிக்குக் கண் கலங்கியது.

உருளையைத் துடைத்தான். விமானம் திரும்பி, பக்கத்துப் பாதையில் மறுபடி வந்தது. நான்கும் இருந்தன. பெரிய புள்ளியை விட்டு வெகுதூரம் வந்திருந்தன.

சின்ன வயதில் வசந்தம் வந்தால் குடாவில் பனி உடையும். பையன்கள் பாளம்விட்டுப் பாளம் தாவுவார்கள். லியாண்டருக்கு ஆறு வயது. அண்ணன் கால் வைத்த பாளத்தில்தான் கால் வைப்பான். “நீ மிதிச்ச எடத்துலதான் நான் மிதிப்பேன். நீ முழுகலேன்னா நானும் முழுகமாட்டேன்” என்பான். முதுகுக்குப் பின்னால் அந்தச் சின்னக் கால்கள் சளக் சளக்கென்று வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஹெட்லி மெதுவாகத் தாவுவான்.

மூன்றாவது பாதையில் புள்ளிகள் நீண்டன. கோடுகளாயின.

நின்ற பொருள் புள்ளியாக விழும். விமானம் போகும் வேகத்துக்கே கூட வருவதுதான் கோடாக விழும். இரண்டாயிரம் அடிக்குக் கீழே, பனியின் மேல், நான்கு பேர் விமானத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். கோடுகள் நேராகவும் இல்லை. சரிந்து சரிந்து நடுப்பக்கம் வந்தன.

படச்சுருளின் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை எப்போதும் உண்டு. ரேடார் இடப்பக்கம் பார்க்கும், வலப்பக்கம் பார்க்கும். நேர் அடியில் அதற்குக் கண் கிடையாது.

முதல் கோடு கறுப்புக்குள் போனது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது கோடு மட்டும் விளிம்பில் கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு அதுவும் போனது.

அந்தப்பக்கம் வெளியே வரவேண்டும். ஹெட்லி காத்திருந்தான். சுருள் ஒரு முழம் ஊர்ந்தது. இரண்டு முழம்.

வரவில்லை.

காதுபேசியை அழுத்தினான். “அம்ப்ரோஸ், இன்னொரு சுற்று வேணும். தாழ எறங்கு.”

“எதுக்குப்பா?” விமானியின் குரல் கரகரத்தது.

“படகு... படகு மாதிரி இருக்கு.”

பதினாறு நாளைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. விமானம் மூடுபனிக்குள் அமிழ்ந்தது. ஜன்னல் வெளுத்தது. பிறகு கறுத்தது.

“ஹெட்லி, வெறும் தண்ணிதான். ஒரு பனித்துண்டு கூட இல்ல. வீட்டுக்குப் போலாமா?” என்றான் அம்ப்ரோஸ்.

காலடியில் தரை சில்லிட்டது. அதற்கும் கீழே ஏதோ தட்டியது. ஒருமுறை. மறுமுறை. மொத்தம் நான்கு.

“எறங்க இன்னும் அரைமணி இருக்கு. அதுக்குள்ள சக்கரத்தைப் போட்டுப் பாக்குறானா?” என்றான் க்ளைட். குரலில் விளையாட்டு இல்லை.

கேண்டரில் புதுப்பனி விழுந்திருந்தது. ஓடுபாதை ஓரமெல்லாம் ஒரு தடமும் படாத வெள்ளை. ஹெட்லிதான் முதலில் இறங்கினான். விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. உணவகத்தின் பின்வாசலில், மேலங்கி போர்த்திக்கொண்டு, தேநீர்க் கோப்பையோடு வெர்னா நின்றாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். முக்கோணத்தை, வெள்ளிக்கிழமையை, கேட்காமல் விட்ட அந்த ஒரு சுற்றை. அவள் அறைந்தாலும் சரி, காறித் துப்பினாலும் சரி. ஒவ்வொரு அடிக்கும் அதையே மனதுக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டு நடந்தான்.

கோப்பையை நீட்டினாள். “குடி கண்ணு, வெளிறிப்போயிருக்க. ஏதாவது தெரிஞ்சுதா?”

வாயைத் திறந்தான்.

“ஐஸ்தான் வெர்னா. வெறும் ஐஸ்.”

அவள் தலையாட்டினாள். எப்போதும்போல விமானத்தைப் பார்த்தாள். பிறகு பார்வை தரைக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

“ஹெட்லி, உன் கால்தடத்துல ஏன் தண்ணி நிக்குது?”

திரும்பினான்.

ஒரே ஒரு வரிசை. விமானத்திலிருந்து இவன் நிற்கும் இடம்வரை, இவனுடைய தடங்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் விளிம்புவரை கறுப்புத் தண்ணீர். கடல் வாடை. ஹெட்லி போட்டிருந்தது வழவழப்பான ரப்பர் காலணி. தடங்களுக்குள் பதிந்திருந்தது, பனியில் வழுக்காமலிருக்கக் கடல்நாய் வேட்டைக்காரர்கள் போடும் ஆணி அடித்த காலணி.

அவனை ஒட்டியிருந்த கடைசித் தடம் மட்டும் காலியாக இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பனி மெதுவாக அமுங்கியது. ஆணிகளின் குழிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு தண்ணீர் ஊறத் தொடங்கியது.