நூறு வாட்

அந்தச் சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் ஒரு முழத் தடிமனுக்கு நுரைத் தகடு. கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும் சூடு வெளியே கசியாது. நடுவில் ஆயிரம் வாட் ஹீட்டர். சுவரோரம் ஓடும் தண்ணீர்க் குழாய் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கொடுத்ததும் எடுத்ததும் சமமாக இருக்க வேண்டும். என் ஆராய்ச்சியே அவ்வளவுதான்.

ஐந்து மாதமாக, தண்ணீர் எடுத்த சூட்டைக் காட்டும் மீட்டரில் தொள்ளாயிரம்தான் வந்தது. மீதி நூறு, யானை வாயில் போன கரும்பு. வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு நேராகாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று பேராசிரியர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். அந்த மனிதர் வாயில் நல்ல வார்த்தையே வராது.

ஆய்வகத்தில் மெக்கானிக்காக இருந்தவர் என் அக்கா கணவர். மாமாவுக்கு அந்த அறையே ஆகாது. உள்ளே யாரோ தன்னைக் கறுவிக்கொண்டு பார்ப்பதுபோல இருக்கிறது என்பார். நான் கேலி செய்வேன். வியாழன் மத்தியானம், கசிவு எங்கே என்று தேடச் சொல்லி அவரை வற்புறுத்தி உள்ளே அனுப்பியதும் நான்தான்.

ஓர் ஆள் உள்ளே இருந்தால் அவர் உடம்புச் சூடும் சேர்ந்து மீட்டர் நூறு வாட் ஏற வேண்டும்.

ஏறவில்லை.

அரை மணி நேரத்தில் எண்ணூறுக்கு இறங்கியது.

கதவருகே இருந்த ஒலிபெருக்கியில் மாமா கிசுகிசுத்தார்.

"சத்தம் போடாதம்மா. பக்கத்துல உக்காந்திருக்கு."

ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். ஈர மண் வாடை முகத்தில் அறைந்தது. மாமா தானாகவே நடந்து வெளியே வந்தார். கை ஐஸாக இருந்தது. நேரே வீட்டுக்குக் கிளம்பிப் போனார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு மீட்டர் முன்னால்தான் போய் உட்கார்ந்தேன்.

ஆயிரம்.

சரியாக ஆயிரம்.

எங்கள் தொழிலில் கணக்கு நேரானால் கோளாறு தீர்ந்தது என்று அர்த்தம். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நூறு வாட்டைக் குடித்துக்கொண்டிருந்தது எங்கே போனது என்று நான் கேட்கவே இல்லை. மறுநாள் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். மாமா மூன்று நாளாகக் குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லையாம். குழந்தை இப்போது அழுவதுகூட இல்லையாம்.

"தெர்மாமீட்டர் ஏறவே மாட்டேங்குதுடி. மூணு மாத்திப் பாத்துட்டேன். மூணுமா பழுதா இருக்கும்?"



"அக்கா, பாப்பாவப் பிடுங்கிட்டு வெளிய ஓடு."

போன் கைமாறியது. மாமாவின் குரல்தான். ஆனால் மாமா என்னிடம் ஒருநாளும் இவ்வளவு வெறுப்போடு பேசியதில்லை.

"உன் கணக்கு நேராயிடுச்சில்ல? அப்புறம் எதுக்கு மூக்க நுழைக்கிற?"